வெடிச் சத்தத்துக்கு அழாத பிள்ளை

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டல். தீபாவளி சீசன் நெருங்கினால், பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் புது வெடிகளை அங்கேதான் வெடித்துப் பார்ப்பார்கள். சத்தம் கேட்டதும் என் நாத்தனாரின் கைக்குழந்தை வீறிட்டு அழும். அதே வயதுடைய என் மகன் தொட்டிலில் அசையாமல் தூங்குவான். "வெடிக்காரன் மகன்ல! பயம்னா என்னன்னு தெரியாது" என்று என் மாமியார் திருஷ்டி கழிப்பார். அழுகிற பிள்ளையைத்தான் எல்லோரும் கேலி செய்தோம்.

ஆறு மாதத்தில் 'ஆ... ஊ...' என்றவன் பிறகு அதையும் குறைத்துக்கொண்டான். "ஆம்பளைப் பிள்ளைக்குப் பேச்சு பிந்தித்தான் வரும்" என்றார்கள். நானும் நம்பிக்கொண்டு இருந்துவிட்டேன்.

மூன்று வயதில் காய்ச்சலுக்காகச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். "வெடிக்கே அசைய மாட்டான்" என்று நர்சம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அவன் முதுகுக்குப் பின்னால் போய்த் தகரத் தட்டை ஓங்கித் தட்டினார். நான் துள்ளிவிட்டேன். அவன் என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தான்.

"இது தைரியம் இல்லேம்மா. பிள்ளைக்குக் காது கேக்கலை. நாம பேசுறது காதுல விழுந்தாத்தான அவனுக்குப் பேச்சு வரும்? இம்புட்டு நாளா யாரும் கவனிக்கலையா?"

இப்போது அவனுக்கு எட்டு வயது. என்னை 'அம்மா' என்று அவன் கூப்பிட்டதே இல்லை.

யார் வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனாலும், முதலில் அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று பலமாகக் கை தட்டுகிறேன். பெற்றவள் முறைப்பாள். குழந்தை திடுக்கிட்டு அழும். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் நான் உட்காருவேன்.