மேல் கீல்

தச்சர் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் சொன்னார்: "ஒருபோதும் இல்லை."

முதுகுத்தண்டு அடிபட்டவர்களை ஊர் எப்படி நடத்துகிறது என்று அளக்க, இருபத்துநான்கு கேள்விகளைக் கொடுத்து மருத்துவமனை என்னை அனுப்பியிருந்தது. கேள்விக்கு நான்கு கட்டம். ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும்.

ஆறு வருடத்துக்கு முன் மூன்றாவது மாடியில் ஜன்னல் பொருத்தும்போது சாரம் சரிந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தெருவில் பாதிக் கதவுகள் அவர் செய்தவை. இப்போது வேலை கொடுக்க வருகிறவர்கள் சக்கர நாற்காலியைக் கண்டதும் எதையோ மறந்துவிட்டவர்கள்போலத் திரும்பிப் போகிறார்கள். ஒரு ஆள் அவரை வைத்துக்கொண்டே மனைவியிடம், "இவருக்கு உளி பிடிக்க வருமா?" என்று கேட்டானாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னவர், அதையே நான் தாளிலிருந்து கேள்வியாகக் கேட்டபோது, "ஒருபோதும் இல்லை" என்றார். அறைவாசலில் மனைவி உட்கார்ந்திருந்தார்.

காலையிலேயே சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார். நான்கு மணிக்கு மகள் கல்யாணம் பேச மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். தானே முன்னறையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதை என்னிடமே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

பதினேழாவது கேள்வி: விருந்தாளிகள் வரும்போது உங்களை மறைத்து வைத்ததுண்டா?

"ஒருபோதும் இல்லை."

வெளியே செருப்புகள் கழற்றும் சத்தம். மனைவி எழுந்தார். கதவைச் சாத்தினார். வளையல் சத்தம், பிறகு வெளித்தாழ்ப்பாள் சத்தம். முன்னறையில் தச்சருடைய மச்சானின் குரல் கேட்டது: பெண்ணின் அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார், வர இரண்டு மாதம் ஆகும். என்னை மூன்றரைக்கு வரச்சொல்லி நேரம் குறித்தவரும் அந்த மச்சான்தான். அளக்க வந்தவனையே தச்சருக்குக் காவலாக உள்ளே வைத்திருக்கிறார்.

தச்சர் என் கையிலிருந்த தாளைக் காட்டினார்.

"பதினேழை அடிச்சிருங்க தம்பி. கட்டிலுக்கு அடியில பை இருக்கு, எடுங்க."

சுத்தியலும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு நாற்காலியைக் கதவோரம் உருட்டினார்.

"கதவை மாட்டுனவனையே உள்ள வச்சுத் தாழ்ப்பாள் போடுறாங்க. கீலு எந்தப் பக்கம் இருக்குன்னாவது பாத்திருக்க வேணாமா?"

கீழ்க் கீலின் ஆணி நாலே தட்டில் வந்தது. நடுக் கீலும் வந்தது. மேலே கை எட்டவில்லை. சுத்தியலை என்னிடம் நீட்டினார். கேட்பவர் எதிலும் தலையிடக் கூடாது என்று கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. தாளைக் கட்டிலில் போட்டுவிட்டு மேல் கீலைத் தட்டினேன்.

கதவை இருவருமாகச் சுவரில் சாய்த்தோம். முன்னறையில் பேச்சு நின்றிருந்தது. மகள் மட்டும் எழுந்து, வழியை அடைத்துக்கொண்டிருந்த மேசையை இழுத்துவிட்டாள்.

"நான்தான் பொண்ணோட அப்பா," என்றார். "வெளியூர்லேருந்து இப்பத்தான் வர்றேன்."

மாப்பிள்ளையின் அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மச்சான் பக்கம் சாய்ந்தார். "இவருக்கு நாம பேசுறது புரியுமா?"

மச்சான் வாயைத் திறக்குமுன் தச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"பதினேழுக்கு எப்போதும்னு போடுங்க. மொதல் கேள்வியிலேருந்து திரும்பக் கேளுங்க. இங்கயே, சத்தமா."

எனக்குச் சத்தமாகப் பேச வராது. ஆனாலும் கட்டிலில் கிடந்த தாளை எடுத்துவந்து படித்தேன். "உங்களிடம் கேட்க வேண்டியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார்களா?"

தச்சர் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார்.

"இப்பக்கூட," என்றார்.

அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டு, இரண்டாவது கேள்வியைப் படித்தேன்.