தூ, சீ, சம்பந்தி

இத்தாலியின் வடக்கு மலைப்பகுதியில் ஒரு வீட்டில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். எழும்ப முடியாத ஒரு மூதாட்டியைக் கவனிக்கும் வேலை. அந்தப் பக்கத்தில் பாதிப்பேர் ஜெர்மன் பேசுகிறவர்கள். மூதாட்டி ஜெர்மன் பேசுவார், அவருடைய மருமகள் இத்தாலியன். இருவருக்கும் நடுவில் ஓடித்திரிந்ததில் இரண்டு மொழியும் எனக்கு வந்துவிட்டன. கண்டிக்குத் திரும்பியதும், ஹந்தானை மலைச் சரிவில் ஒரு விடுதியில் வரவேற்பு மேசை வேலை கிடைத்தது அதனால்தான்.

ஒருமுறை அங்கே ஒரு கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை இத்தாலியர், பெண் ஜெர்மன்காரி. இரண்டு பேரும் கண்டிக்குச் சுற்றுலா வந்த இடத்தில் சந்தித்தவர்கள், அதனால் கல்யாணமும் இங்கேயே. அவர்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் பெண்ணின் அப்பாவுக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. இருவரும் துணையை இழந்தவர்கள். பிள்ளைகள் பூவுக்கும் உடுப்புக்கும் டவுனுக்கு அலைந்த மூன்று நாளும் பெற்றோர் என் பொறுப்பில் இருந்தார்கள்.

நமக்கு நீ, நீங்கள் இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு. இத்தாலியனில் நீ என்பதற்கு ‘தூ’, நீங்கள் என்பதற்கு ‘லெய்’. ஜெர்மனில் நீ ‘டூ’, நீங்கள் ‘ஸீ’.

முதல் நாளே அந்த அம்மா பெண்ணின் அப்பாவுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “உன் மகள் இனி என் மகள். நீ எதற்கும் கவலைப்படாதே” என்றார். எல்லாம் ‘தூ’. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சம்பந்தியைப் பார்த்து நீயா? அவரோ ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், காலைச் சாப்பாட்டுக்கே சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு வருகிற மனுஷன். நான் வாய் தவறாமல் ‘ஸீ’ என்று மாற்றிச் சொன்னேன். அவர் ‘ஸீ’ போட்டு மரியாதையாகப் பதில் சொன்னார். அதை அப்படியே ‘லெய்’ ஆக்கி அம்மாவிடம் கொடுத்தேன். நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன்.

குசினியில் சமையல்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். “என்ன தங்கச்சி இது? அந்தம்மா ‘தூ’ங்கிறாங்க, அந்தாள் ‘சீ’ங்கிறார். கலியாணமா, சண்டையா?”

“சும்மா இருங்க நானா, அது மரியாதப் பேச்சு” என்று சிரித்தேன்.

மூன்றாம் நாள் சிரிப்பு போய்விட்டது. பேராதனைப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது அந்த அம்மா அவரிடம் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, “உங்களுக்கு வேண்டுமா?” என்றார். லெய்! பிறகு அவருக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னார்: “மூன்று நாளாக நான் தூ என்கிறேன். அவர் லெய்யை விடவே இல்லை. என் மகனை அவருக்குப் பிடிக்கவில்லை. இனி நானும் தள்ளியே நிற்கிறேன்.” கண் கலங்கியிருந்தது.

லெய்யை விடாதது அவரா, இல்லை நான்தானே?  வான் வண்டியில் திரும்பும்போது இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

குசினிக்குப் போய் நானாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “போய்ச் சொல்லிருங்க. நாளைக்குக் கலியாணம். பொறகு தெரிய வந்தா ரெண்டு குடும்பத்துக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்.”

பின்னேரத் தேநீருக்கு இருவரும் விறாந்தையில் இருந்தார்கள். நான் இரண்டு கதிரைக்கும் நடுவில் நின்று, ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு மொழியிலும் சொன்னேன். “இவங்க முதல் நாள்லருந்து உங்கள டூன்னுதான் சொன்னாங்க. நான்தான் ஸீன்னு மாத்தினேன். தப்பு என்னோடது.”

பெண்ணின் அப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.  வேலை போனது என்றே நினைத்தேன்.

“முதல் நாளிலிருந்தா?” என்றார் மெதுவாக.

“ஆமா.”

“எங்கள் ஊரில் ஆணும் பெண்ணும் பேசினால் பெண்தான் முதலில் டூ சொல்ல வேண்டும். நானாகச் சொல்லக் கூடாது. இந்த அம்மா சொல்வார் என்று மூன்று நாளாகக் காத்திருந்தேன். சொல்லவில்லை. என்னைப் பிடிக்கவில்லையாக்கும் என்று இருந்துவிட்டேன்.”

இதை நான் இத்தாலியனில் சொல்லி முடிக்குமுன் அந்த அம்மா எழுந்துவிட்டார். அவரும் எழுந்து, கையை நீட்டி, தன் முதற்பெயரை மட்டும் சொல்லி, “டூ” என்றார். அம்மா கையை விட்டுவிட்டு அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அவர் காது வரை சிவந்துபோனார்.

நான் கேட்காமலே பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“உனக்கு என்ன வந்தது, பெண்ணே?” என்று அம்மா என்னைத் திட்டத் தொடங்கினார்.

“எங்க ஊர்ல சம்பந்திய நீன்னு சொன்னா பந்தியிலருந்து எழும்பிப் போயிருவாங்கம்மா” என்றேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ஜெர்மனில் சொன்னதும் பெண்ணின் அப்பாவும் சிரித்தார். அன்று பின்னேரம் முழுக்க அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். எவ்வளவு லேசான வேலை அது!

மறுநாள் புல்தரையில் கல்யாணம் நடந்தது. மோதிரம் மாற்றியபோது சம்பந்திகள் இரண்டு பேரும் முன்வரிசையில் ஒரே கைலேஞ்சியை மாறி மாறி வாங்கிக் கண்ணைத் துடைத்தார்கள். சாப்பாட்டில் அவர் ஜெர்மனில் ஏதோ கேட்டார், அம்மா இத்தாலியனில் வேறு ஏதோ பதில் சொன்னார், இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். கூப்பிடுவார்கள் என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன். கூப்பிடவில்லை. நானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு நாளில் முதல் தடவையாகப் பசியோடு, இரண்டு தட்டுப் புரியாணி சாப்பிட்டேன்.