லூர்து மதாமின் விரிசல் விட்ட கியர் பாக்ஸ்

காலையில் பட்டறைக்கு வந்த என் கூட்டாளி செல்வராசு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் நின்றார். "கோவில்பத்துலேர்ந்து ஆள் வந்துச்சு. லூர்து மதாம் போய்ட்டாங்களாம்" என்றார். பூட்டிய கதவை அப்படியே விட்டுவிட்டு இருவரும் நடந்தோம். அந்த வீட்டு வாசல் நிறையப் பெண்கள். பாதிப் பேர் அவர் கைபட்டுப் பிள்ளை பெற்றவர்கள். அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும், அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அவருடைய காரின் அடிவயிற்றில் செய்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வளைகுடாவில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வெல்டிங் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். செல்வராசுவோடு பங்கு சேர்ந்து காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை போட்டேன். மதாம் அப்போது ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா. அவர் இறந்தபோது விட்டுப்போனது, ஆமை முதுகாய் வளைந்த ஒரு பழைய ஜெர்மன் கார். பிள்ளைகள் பாரிசுக்கு வரச்சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார்கள். "அங்க போனா யாரு தம்பி என்னைப் பிரசவம் பாக்கக் கூப்புடுவா?" என்று சிரிப்பார். கோட்டுச்சேரியைச் சுற்றி எந்த வீட்டில் வலி கண்டாலும் அந்தக் கார்தான் போகும்.

ஒரு மழைக்காலத்தில் வாய்க்கால் மதகருகே கல் தட்டி, கியர் பாக்ஸின் கூடு விரிசல் விட்டது. எண்ணெய் முழுக்க ரோட்டில். காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கூட்டைக் கழற்றித் தூக்கியபோதே சந்தேகம் வந்தது; அலுமினியம் இவ்வளவு இலேசாக இராது. ஓரத்தைச் சுரண்டி வினிகர் விட்டேன். நுரைத்துப் பொங்கியது. மக்னீசியம். நான் அதுவரை தொடாத உலோகம்.

"இது வில்லங்கமான வேலை மதாம். இதோட தூள் தீப்புடிச்சா தண்ணி ஊத்தக்கூடாது, இன்னும் சீறும். காஞ்ச மணலைத்தான் போடணும்" என்றேன். ஒரு கூடை மணலை வெயிலில் காயவைத்து உள்ளே கொண்டுவந்து வைத்தோம்.

விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் இரண்டு முனையிலும் துளை போட்டுவிட்டு, விரிசலை கிரைண்டரால் அகலப்படுத்திக்கொண்டிருந்தேன். கிரைண்டர் ஓர் இரும்பு போல்ட்டில் உரசியது. பொறி மேசையில் குவிந்திருந்த தூளில் விழுந்தது. கண்ணைப் பறிக்கிற வெள்ளை நெருப்பு. செல்வராசு பதறிப்போய்த் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். "ஊத்தாதீங்க!" என்று பக்கத்தில் நின்றிருந்த மதாம் குறுக்கே பாய்ந்தார். மணல் கூடையைத் தூக்கி நெருப்பின்மேல் கவிழ்த்தார். அடங்கிவிட்டது. ஆனால் அவர் முழங்கைக்குக் கீழே தோல் வெந்து கொப்பளித்திருந்தது.

கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டேன். "வேண்டாம் மதாம். என்னால முடியாது" என்றேன். புண்ணுக்குத் தாமே மருந்து தடவிக்கொண்டு கேட்டார்:

"எது தம்பி எரிஞ்சுச்சு? பொட்டியா, தூளா?"

"தூளு."

"அப்ப தூளை அப்பப்ப அள்ளி வெளிய வெப்போம். பொட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

ஒட்டுவதற்கு அதே உலோகத்தில் கம்பி வேண்டும், கடையில் கிடைக்காது. உடைந்த பழைய கூடு ஒன்று கிடைத்தால் அறுத்துக் கம்பியாக்கலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கட்டுப் போட்ட கையோடு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிவிட்டார். அங்கே உறவுக்காரர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த கூட்டைச் செய்தித்தாளில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். வெள்ளைச் சேலையெல்லாம் எண்ணெய்க் கறை. "கண்டக்டரு பலாப்பழமான்னு கேட்டாரு" என்றார்.

எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, கூட்டைச் சூடேற்றி, ஆர்கான் வாயு வைத்து ஒட்டினேன். மெதுவாக ஆறட்டும் என்று மணலுக்குள் புதைத்தோம். மறுநாள் எடுத்து, வெளியே சாக்கட்டியைக் கரைத்துப் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். நல்ல ஒட்டு என்றால் சாக்கட்டி காய்ந்தே இருக்கும். ஓர் ஓரத்தில் ஈரம் படர்ந்தது. நான் தலையைத் தொங்கப் போட்டேன். மதாம் குனிந்து பார்த்து, "ஆமா, நம்ம வேலை கொஞ்சம் ஒழுகுது. நம்ம இன்னொரு தரம் பாப்போம்" என்றார். அந்த இடத்தை அறுத்தெடுத்து மறுபடி ஒட்டினேன். அப்புறம் சாக்கட்டி வெள்ளை வெளேரென்று நின்றது.

அடுத்த ஐப்பசியில் செல்வராசுவின் மனைவிக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. "வீட்ல பாக்க முடியாது, ஏத்துங்க" என்றார் மதாம். ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வண்டியும் வரவில்லை. மதாமே காரை ஓட்டினார்; முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள். செய்தி கேட்டதும் செல்வராசு வெளியே வந்து, சேற்றில் மல்லாந்து காருக்கு அடியில் நுழைந்து, அந்த ஒட்டைக் கையால் தடவிப் பார்த்தார். "ஒழுகலண்ணே" என்று கூட வந்திருந்த என்னிடம் சொல்லிவிட்டு அழுதார்.

அந்தக் காரைப் பார்த்துத்தான் எனக்குப் படகுக்காரர்களின் வேலைகள் வந்தன. மதாம் போகிற வீடெல்லாம் என் பெயரைச் சொன்னார். அந்த நன்றி ஒருபுறம் இருக்கட்டும். ஒழுகியது நான் ஒட்டிய ஒட்டு. கையை வேகவிட்டவர் அவர். 'உங்க வேலை' என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறைசொல்ல முடியாது. அவர் 'நம்ம' என்றார். இன்று என் பட்டறையில் யார் செய்த வேலை கெட்டாலும் என் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். அது லூர்து மதாமுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.