பாரிஸ் வரை வந்த சாவி

வாசிப்பவர்களே, வாதாடுவதற்காக அல்ல, குற்றத்தை ஒப்புக்கொள்ளவே உங்களைச் சாட்சிகளாக அழைக்கிறேன்.

மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம் உண்டு. வேலையாட்களுக்கான குடிநீர்த் தொட்டி பூட்டிய அறையில் இருந்தது. அதன் ஒரே சாவி என் பொறுப்பு. கோடையில் குடும்பத்தோடு ஐரோப்பா சென்றோம். பாரிஸ் அருங்காட்சியக வாசலில், சோதனைக்காகப் பையைக் கவிழ்த்தபோது அந்தச் சாவி விழுந்தது.

"என்னடா அது?" என்றார் அப்பா.

"சைக்கிள் சாவிப்பா."

உண்மையைச் சொன்னால் பயணத்தின் இன்பம் கெடும் என்று அஞ்சினேன். தாகம் எடுத்தால் பூட்டை உடைத்துக்கொள்வார்கள் என்று என்னோடு நானே வாதிட்டு வென்றேன். உள்ளே, வயலில் குனிந்து உழைக்கும் பெண்களின் ஓவியத்தின் முன் கண்கலங்கினேன். பட்டிமன்ற மேடையில் பேசக் குறிப்பும் எழுதினேன்.

ஊர் திரும்பியபோது, எங்களிடம் வேலை செய்த, கர்ப்பிணியாக இருந்த அஞ்சலை வெயிலில் தண்ணீரின்றி உப்பளத்தில் மயங்கி விழுந்து கருவை இழந்திருந்தாள். அவள் வீட்டுக்குப் போனேன்.

"பூட்ட ஒடைச்சிருக்கலாமேக்கா?"

"ஒடைச்சா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்கன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு தம்பி. ரோட்டாண்ட போயி ஒரு கொடம் தூக்கியாருவோம், அத பத்து பேரு குடிக்கணும். சாவி எங்கதான்பா போச்சு?"

எத்தனையோ மேடைகளில் எதிரணியை வாயடைக்கச் செய்தவன் நான். அன்று சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் உப்பளத்தில், அப்பா முன்னிலையில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அஞ்சலை மட்டும் அங்கே இல்லை.

"சாவி தொலையல. எங்கிட்டதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் மறைச்சேன். நான் இருக்குற வரைக்கும் இந்த ரூமுக்கு இனிமே பூட்டு கெடையாது."