மூன்று கோடும் இரண்டு வட்டமும்

போன வாரம் ஆதார் அட்டைக்கு நகல் எடுக்க மந்தைவெளியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். மிஷினிலிருந்து விழுந்த தாளைக் கையில் வாங்கினால் பொரித்த அப்பளம் மாதிரி சுட்டது. அந்தச் சூட்டுக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? இஸ்திரி போட்ட துணியில் யாரோ கொஞ்சம் அடுப்புக்கரி தடவிவிட்ட மாதிரி இருக்கும். என்னை அறியாமல் மூக்கருகே வைத்து மோந்து பார்த்துவிட்டேன். கடையில் இருந்த பெண் பயந்துபோய், "சரியா வரலையா ஆன்ட்டி?" என்றாள்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் சிரிப்பு. சரியாக வராத ஒரு நகலால்தான் என் மாமனார் எனக்குத் திரும்பக் கிடைத்தார். அதை அந்தப் பெண்ணிடம் சொன்னால் நம்புமா?

பறக்கும் ரயிலுக்குத் தூண்கள் மட்டும் எழும்பி, மேலே ஒன்றும் ஓடாமல் நின்ற காலம் அது. எங்கள் மந்தைவெளித் தெருவில் ஆளைத் தேடுவது புதிதில்லை. மாடி வீட்டு ருக்கு மாமிதான் அதற்குத் தலைமை. யார் பதவி கொடுத்தார்கள் என்று தெரியாது. யாரையாவது காணோம் என்று சேதி வந்தால், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிப்படி இறங்கி வருவார். அந்த வேகத்தைப் பார்த்தாலே பாதி தைரியம் வந்துவிடும். அறுபத்து மூவர் திருவிழாக் கூட்டத்தில் காணாமல்போன எதிர் வீட்டு அத்தையை மாமிதான் கண்டுபிடித்தார். அத்தை ஒரு நீர்மோர்ப் பந்தலுக்குள் நின்றுகொண்டு, தானே வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். கோபித்துக்கொண்டு போன பின்கட்டு மாப்பிள்ளை, தி.நகரில் ஒரு பாத்திரக் கடை வாசலில், பெண்டாட்டி கேட்ட குக்கரை வாங்குவதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டு நின்றார். "வாங்கிண்டு வாங்கோ, ஆத்துக்குப் போகலாம்" என்று மாமி கூட்டி வந்தார்.

மாமிக்குச் சில சட்டங்கள் இருந்தன. "கும்பலா தேடப்படாது. ரெண்டு பேர் சேர்ந்தா பேசிண்டே போவேள், கண்ணு தேடாது." அது ஒன்று. மணிக்கு ஒருதரம் எல்லாரும் பாஸ்கர் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போகவேண்டும். தெருமுனையில் ஜெராக்ஸ், டெலிபோன் இரண்டும் வைத்திருந்தவர் அந்த பாஸ்கர். கடைசிச் சட்டம்தான் எனக்குக் கஷ்டமானது. "வர்றவா பசியோட வருவா. ஆத்துல ஒருத்தர் சாதத்தோட உக்காந்திருக்கணும்."

என் மாமனார் காணாமல்போன அன்று, சாதத்தோடு உட்கார வேண்டியவள் நான்.

அவருக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. நல்ல உடம்பு. நெற்றி நிறையப் பட்டை விபூதி, வட்டமான மூக்குக்கண்ணாடி, வாயில் எந்நேரமும் பஞ்சாட்சரம். மறதி மட்டும் மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அன்று காலையில் காப்பி குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் "அம்மாடி, காப்பி இன்னும் ஆகலையா?" என்றார். கொடுத்தேன். மறுபடி கால் மணி நேரம், மறுபடி அதே கேள்வி. வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாகச் சேலம் போயிருந்தார், பையனுக்கு ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது, அடுப்பில் குழம்பு. "எத்தனை தடவைதான் குடிப்பீங்க? நானும் மனுஷிதானே!" என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டார். கோயிலுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

பத்து மணிக்கு வரவேண்டியவர். பதினொன்று ஆனது. பன்னிரண்டுக்கு நானே கபாலி கோயிலுக்கு ஓடினேன். நவராத்திரி மண்டபம், குளக்கரை, செருப்பு விடும் இடம், எங்கும் இல்லை. அவர் வழி மறந்து போனாரா, என் வார்த்தை தைத்துப் போனாரா? வழி மறந்தவரைக் கண்டுபிடிக்கலாம். மனசு வெறுத்துப் போனவரை எங்கே போய்த் தேட? அம்பாள் சன்னதியில் நின்று, "தாயே, அவரைக் கொண்டுவந்து கொடு, நூற்றெட்டு சுற்று சுற்றுகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். காப்பி விஷயத்தை அவளிடம் மட்டும்தான் சொன்னேன். ருக்கு மாமியிடம் சொல்ல வாய் வரவில்லை.

மாமி இறங்கி வந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒருவரை அனுப்பினார். அவர்களும் பரிவாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒருவர், கடற்கரைக்கு ஒருவர். மாமனாரை நேரில் பார்த்திராத ஆட்டோ ஏழுமலைக்குத் தி.நகர், கோடம்பாக்கம் பக்கம். "போட்டோ வேணுமேடி" என்றார்.

இருந்தது என் கல்யாண ஆல்பத்தில் ஒன்றே ஒன்று. ஃபிளாஷ் அடித்து விபூதியும் கண்ணாடியும் பளீரென்று மின்னும் படம். ஓரத்தில் என் வளைக்கை மட்டும் விழுந்திருக்கும். எட்டாவது வரை படித்த கையெழுத்தில் நானே வாசகம் எழுதினேன். முதலில் 'காணவில்லை' என்று ஆரம்பித்தேன். மாமி பேனாவைப் பிடுங்கிவிட்டார். "அந்த வார்த்தை வேண்டாம். அவர் எங்கயோ இருக்கார். நாமதான் பார்க்கலை. 'தேடுகிறோம்'னு எழுது."

பாஸ்கர் முப்பது நகல் போட்டார். எடுத்துப் பார்த்தால், முகம் முழுக்க ஒரே கரி. கரிக்கு நடுவில் வெள்ளையாக மூன்று கோடு, அதன் கீழே இரண்டு வட்டம்.

"மிஷின்ல பவுடர் ஜாஸ்தியாயிடுச்சுக்கா" என்று பாஸ்கர் தலையைச் சொறிந்தார்.

மாமி தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "அச்சு அசல் அவரேதான்!" என்றார். நாங்கள் எல்லாரும் ஆமாம் என்றோம். சத்தியமாக எங்களுக்கு அதில் அவர் தெரிந்தார். பார்த்துப் பழகின கண்ணுக்குக் கரியிலும் முகம் தெரியும் போலிருக்கிறது. மற்றவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மயிலாப்பூரில் மூன்று கோடும் இரண்டு வட்டமும் இல்லாத பெரியவர் யார், சொல்லுங்கள்!

நகல்களை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப்போய் ஊரெல்லாம் ஒட்டினார்கள். இரண்டு மணிக்கு முதல் ஆள் வந்துவிட்டார். லஸ் பக்கத்தில் நோட்டீசைப் பார்த்த யாரோ கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்கள். ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார். அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்து, காப்பி குடித்து, நோட்டீசை வாங்கிப் படித்தார்.

"யாரும்மா எழுதினது?"

"நான்தான் ஐயா."

"மூக்குகண்ணாடின்னு எழுதியிருக்கே. நடுவுல ஒரு 'க்' வரணும். ஆளையும் தொலைச்சு, ஒற்றையும் தொலைச்சா எப்படி?"

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, வீட்டில் மீதி இருந்த நகல்களில் எல்லாம் 'க்' போட ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது ஆளை இரண்டு காலேஜ் பையன்கள் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்கள். "நான் என் வீட்டுக்குத்தான்யா போய்க்கிட்டிருந்தேன்! என் வீட்டு வாசல்லேயே புடிச்சானுங்க!" என்று கத்தினார். அவருக்கும் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, "இன்னும் அரை டம்ளர் இருக்குமா?" என்றார். தாராளமாக ஊற்றினேன். ஊர் பேர் தெரியாதவருக்கு ஊற்றுகிற கை, காலையில் எங்கே போனது?

நாலு மணிக்கு ஏழுமலையின் ஆட்டோ ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து நின்றது.

"அக்கா! கெட்ச்சிட்டாருக்கா! கோடம்பாக்கத்துல டீ குட்ச்சிக்கினு நின்னாரு. கொஞ்சம் எளச்சிகீறாரு, வேற ஒண்ணியும் இல்ல!"

ஓடினேன். ஆட்டோவிலிருந்து இறங்கியவருக்கு மூன்று கோடு இருந்தது, இரண்டு வட்டமும் இருந்தது. மாமனார் இல்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாக்கா, இவுரு இல்லியா?" ஏழுமலை அவரைத் திரும்பிப் பார்த்தார். "யோவ் பெர்சு, அப்புறம் நீ இன்னாத்துக்குயா ஏறுன?"

"நீதானே நைனா 'மந்தைவெளி வூட்ல தேடுறாங்க, ஏறு'ன்ன! எங்கக்கா மந்தைவெளிலதான் கீது. அதுதான் இட்டாரச் சொல்லிச்சோன்னு ஏறிட்டேன்" என்றார் அவர். விரலால் நெற்றியைத் தேய்த்துக் காட்டினார். அழியவில்லை. "இது துண்ணூறு இல்லம்மா, மேக்கப்பு. நான் சினிமாவுல கூட்டத்துல நிக்கிறவன். இன்னிக்குக் கோயில் சீனு. என்னை மாதிரி பத்துப் பெருசுங்க."

ருக்கு மாமி அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். மேசைமேல் கிடந்த நிஜப் போட்டோவை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"அட, இவுரா! எங்க பதினோராவது ஆளும்மா இவுரு! எந்த ஏஜென்ட்டு ஆளுன்னே தெரீல. காலைல எங்க பின்னாடியே வந்தாரு, எங்க கூடவே பொங்கல் துன்னாரு. 'கட்'டுன்னா நாங்கல்லாம் எந்திரிச்சிடுவோம். இவுரு எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. 'இன்னும் தீபாராதனை ஆகலை'ங்கறாரு. டைரக்டரு பார்த்துட்டு, அந்தப் பெரியவரை முன்னாடி உக்கார வைய்யின்னுட்டாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "நீ போடி பொண்ணே. நான் ஆத்துல சாதத்தோட இருக்கேன்" என்று மாமி என்னை ஆட்டோவுக்குள் தள்ளினார்.

வடபழனியில் இருந்த அந்த ஸ்டுடியோவுக்குள் போனதும் பெயின்ட் வாசனை. பெரிய கொட்டகைக்குள், நாலு நாள் ஷூட்டிங்குக்காகப் போட்ட ஒரு சிவன் கோயில் நின்றது. ஒட்டுப் பலகையில் தூண், தெர்மகோலில் லிங்கம், மேலே சூரியன் மாதிரி விளக்குகள். எல்லாம் பொய் என்று தெரிந்தும் என் கை தானாகக் கும்பிட்டுவிட்டது. முதல் வரிசையில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, என் மாமனார்.

ஷூட்டிங் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய், "மாமா, வீட்டுக்குப் போலாம்" என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"வந்துட்டியாம்மா? உக்காரு. இன்னும் தீபாராதனை ஆகலை."

நானும் உட்கார்ந்துவிட்டேன். வேறென்ன செய்ய? விளக்கை அணைக்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. குருக்கள் வேஷம் போட்டிருந்தவர் பூணூலைக் கழற்றி ஜோபியில் வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். பூணூலைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "கற்பூரம் இருக்கா பாரு" என்றார். யாரோ தட்டோடு கொண்டுவந்தார்கள். மேலே விளக்குப் பலகையில் இருந்தவர், "தள்ளிப் புடிய்யா, சாமி பத்திக்கும்!" என்று கத்தினார். மணி அடித்தது. கற்பூரம் சுற்றியது. அத்தனை பேரும் செருப்பை உதறிவிட்டுக் கும்பிட்டார்கள். தெர்மகோல் ஆனால் என்ன? மஞ்சள் பொடியில் பிடித்து வைத்தால் பிள்ளையார் வரவில்லையா?

மாமனார் ஜோதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தார். "இப்பப் போலாம்."

வடபழனி முருகனைப் பார்க்கத்தான் பஸ் ஏறியிருக்கிறார். இறங்கிய இடத்தில் பத்துப் பட்டை விபூதிகள் வரிசையாக ஒரு கேட்டுக்குள் போக, கோயில் இதுதான் என்று பின்னாலேயே போய்விட்டார். இதை ஆட்டோவில் துண்டு துண்டாகச் சொன்னார். நான் கேட்டுவிட்டேன்.

"மாமா, என் மேல கோவமா?"

"கோவமா? எதுக்கும்மா?"

"காலையில காப்பிக்குக் கத்தினேனே."

என் பக்கம் திரும்பினார். "காப்பியா? போடப் போறியா? எனக்குக் கொஞ்சம் சக்கரை கம்மியா."

ஏழுமலை கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நான் நந்தனம் சிக்னல் தாண்டும்வரை தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். மறந்து மன்னித்தாரா, மன்னித்து மறந்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார். நூற்றெட்டு சுற்றும் அவரோடுதான் சுற்றினேன். "எத்தனை ஆச்சு?" என்று கேட்டுக் கேட்டே எண்ணிக்கையைக் குழப்பிவிட்டார், எப்படியும் நூற்றைம்பது இருக்கும். அம்பாளுக்கு லாபம்.

இன்று ருக்கு மாமி இல்லை. அவர் இறங்கி வந்த மாடிப்படியும் இல்லை, வீட்டை இடித்து ஃபிளாட் ஆக்கிவிட்டார்கள். அந்தப் படம் வந்ததா, என்ன பெயர், எதுவும் தெரியாது. ஏழுமலை கொஞ்ச நாள் தியேட்டர் தியேட்டராக விசாரித்துவிட்டு விட்டுவிட்டார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த உயரமான குடியிருப்பு. கேட்டில் காவலாளி, உள்ளே நீச்சல் குளமாம்.

வடபழனி பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் கை தானாக எழுந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளும். போன தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண் காதிலிருந்து ஒயரைக் கழற்றி, ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இங்க எங்க கோயில்?"

"சிவன் கோயில்மா. நாலே நாள்தான் இருந்தது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் பஸ் திரும்புவதற்குள், எதற்கும் இருக்கட்டும் என்று அவளும் ஒரு தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.