இரண்டாவது ஏரி

டிவி கேமில் கடைசி எதிரி செத்து விழுந்த பிறகும் என் தம்பி கைப்பிடியைக் கீழே வைக்கமாட்டான். ஆட்டத்தை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடி முடிந்து, திரை கறுத்து, முதல் பக்கம் திரும்ப வரவேண்டும். வந்தால்தான் நோட்டில் ஒரு டிக்.

பதினோரு வருடமாக இதுதான். எப்போதோ விற்பனை நின்றுபோன பழைய டிவி கேம்களுக்கு ஓர் இணையதளம் வைத்திருக்கிறான். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. அத்தனையையும் முடிவு வரை ஆடிப் பார்த்துச் சேர்த்தவன். மற்ற தளங்களில் இறக்கினால் பாதியில் நின்றுபோகும். இவனிடம் நிற்காது.

பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்க்கிறான். அங்கேயும் மாடி மாடியாகத் தானே படியில் இறங்கி ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. நாற்பது வயதுக்குள் முழங்கால் தேய்ந்துவிட்டது.

“இவருக்கு என் பிறந்தநாள் மறந்துபோகும் அண்ணி, எந்த ஆட்டம் எங்க நிக்கும்னு மட்டும் மறக்காது” என்பாள் என்னிடம் அவன் மனைவி.

“இது திருட்டுதானேடா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“திருட்டுதான்க்கா. கம்பெனிக்காரன் மறுபடி விக்கிறேன்னு சொல்லட்டும், அன்னைக்கே எடுத்துடறேன். விக்கவும் மாட்டான், விடவும் மாட்டான்.”

போன வாரம் ஆட்ட நிறுவனங்கள் சார்பில் ஒரு வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் நீக்கவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. வேலை போய்விடும் என்று மனைவி அழுதாள். அவன் இரண்டு முறை படித்தான்.

“சரி, எடுத்துடறேன். கோர்ட்டுப் படி ஏற இந்த முழங்கால் ஒத்துக்காது.”

வெள்ளி மதியம் நான் போனபோது ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான். மொத்தமாக அழிக்க வழி உண்டாம். அவனுக்கு மனசு வரவில்லை. கடைசியில் மிஞ்சியது ஒரு மீன்பிடி ஆட்டம். அது இரண்டாவது ஏரியில் நின்றுவிடுகிறது என்று தளத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். சேர்த்த அன்று பெரிய படகில் ஆடிப் பார்த்தவன், சின்னப் படகில் ஆடிப் பார்க்க மறந்திருக்கிறான். அவன் கண்ணுக்குத் தப்பிய ஒரே பழுது. அதைத் திறந்துவைத்துத் திருத்த ஆரம்பித்தான்.

“அழிக்கப்போறதுக்கு எதுக்குடா?”

“ரெண்டே நிமிஷம்க்கா.”

இரண்டு மணி நேரம் ஆயிற்று. சின்னப் படகு இரண்டாவது ஏரியைத் தாண்டியது. பெயர்கள் ஓடின. திரை கறுத்தது. முதல் பக்கம் வந்தது.

நோட்டை எடுத்து டிக் போட்டான். பிறகு அந்த ஆட்டத்தையும் அழித்தான்.