ஏழு பார்வையிடங்களும் பூட்டிக் கிடந்த மாதாவும்

அந்த ஊரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அதன் துண்டுப்பிரசுரத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஊரைவிட அதுதான் நன்றாகக் கட்டப்பட்டிருந்தது. வழவழப்பான தாள், ஏழு படங்கள், ஏழு பார்வையிடங்கள். உரோமர் காலத்துப் பாலம், கற்கால மனிதரின் கல்லறை, கோட்டை, அருவி, கழுகு பார்க்கும் முனை, பழைய சூடடிக்கும் களம், மலையுச்சியில் மாதாவின் சிறு கோயில். வாழ்நாளில் நிறையப் புனைகதை வாசித்தவன் நான். இவ்வளவு துணிச்சலான ஒன்றை வாசித்ததில்லை.

ஸ்பெயினின் அந்த மூலைக்கு வழிசொன்னவர், டென்மார்க்கில் நான் வாழும் ஹேர்னிங்கில் என்னோடு வேலை செய்யும் ஒரு டேனிஷ்காரர். கடற்கரைக்குப் போகிறவர்கள் எல்லாரும் மடையர் என்பது அவருடைய கொள்கை. "உள்நாட்டுக்குப் போ. அதுதான் அவுதென்டிஸ்க்," என்றார். அசல், கலப்படமற்றது என்று அர்த்தம். டேனிஷ்காரர் ஓர் இடத்தை அப்படிச் சொன்னால் அங்கே கடை திறக்காது, தண்ணீர் நினைத்தால்தான் வரும், ஆனால் சுவர் பழசு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வகையில் நான் பிறந்த ஊர் உலகத்திலேயே முதல்தரமான அவுதென்டிஸ்க். அதிலிருந்து தப்பி வந்தவனைக் காசு வாங்கிக்கொண்டு திரும்ப அனுப்புகிறார்களே என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே பயணச்சீட்டையும் எடுத்தேன். அதுதான் நான்.

உண்மையில் எங்களைத் துரத்திவிட்டது மகள். அவள் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, ரண்டர்ஸ் என்ற ஊரில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு தரம் வயிற்றில் தங்கவில்லை, இரண்டும் அந்த ஐந்தாம் மாதத்தில்தான். ஆகவே என் மனைவி நாளுக்குப் பத்துத் தரம் தொலைபேசி எடுத்தாள், சனி ஞாயிறில் சாப்பாட்டுப் பெட்டிகளோடு போய் இறங்கினாள், மகள் சோபாவில் இருந்து எழும்பினாலே "ஐயோ" என்றாள். கடைசியில் மகள் டேனிஷில் சொன்னாள்: "எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, அம்மா. நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வையில்தான் வருத்தம் வருகிறது. எங்கேயாவது போங்கள். வியாழக்கிழமை ஸ்கான் முடிந்ததும் நானே தொலைபேசி எடுக்கிறேன்."

அப்படித்தான் வியாழக்கிழமையைப் பொதி செய்துகொண்டு ஒரு திங்கட்கிழமை அங்கே போய் இறங்கினோம்.

ஊர் ஒரு பள்ளத்தில் இருந்தது. ஒரு சதுக்கம், ஒரு பாண் கடை, ஒரு வாங்கில் நான்கு கிழவர். நாங்கள் காரை விட்டு இறங்கியபோது நால்வரும் பார்த்தார்கள். நான்கு நாளும் பார்வையை எடுக்கவில்லை. அந்த ஊரின் எட்டாவது பார்வையிடம் நாங்கள்தான் என்று பிறகு விளங்கியது. கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கவில்லை. அது வெறும் மணிக்கூடாகிவிட்டது. வாடகை வீட்டில் இணையம் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. அருவி உண்டு என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தது போலத்தான் அதுவும்.

பாலத்துக்குத் திங்கட்கிழமையே போனோம். பாலம் இருந்தது, ஆறு இல்லை. கூழாங்கற்களுக்கு மேலே உரோமர் எதற்காக இவ்வளவு பாடுபட்டார்கள் என்று நான் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். மனைவி கேட்டது மாதிரித் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கற்காலக் கல்லறை. தக்காளி நிறத்தில் வெந்துபோன ஒரு தரையில் ஒரு மணிநேரம் நடந்து, மூன்று கல்லைக் கண்டோம். அதைப் பற்றிய அறிவிப்புப் பலகை கல்லைவிடப் பெரியது. டென்மார்க்கில் இந்தச் சாமான் உருளைக்கிழங்கு வயலுக்கு ஒன்று கிடக்கிறது. மாடுகள் அதில் முதுகு சொறியும். முன்பு நான் தையல் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போகிற வழியிலேயே ஒன்று இருந்தது. அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட இறங்கிப் பார்த்ததில்லை. அதன் ஒன்றுவிட்ட தம்பியைப் பார்க்க விமானம் ஏறி வந்து, வைக்கோல் தொப்பியோடு நின்று படம் எடுத்தேன். அந்தப் படத்தில் கல் என்னைவிட இளமையாக இருக்கிறது.

புதன்கிழமை கோட்டை. கோட்டை என்பது ஒன்றரைச் சுவர். அரைச் சுவரின் நிழலில் இருந்து, விடியவே எழும்பி மனைவி அவித்துக் கட்டிய புட்டையும் கட்டைச்சம்பலையும் சாப்பிட்டோம். அந்த ஊரில் நான் மனதாரப் புகழக்கூடியது அது ஒன்றுதான். அதுவும் ஹேர்னிங்கில் இருந்து கொண்டுபோன மா.

சாப்பிட்டு முடிந்து கை துடைக்கத் தாள் தேடியபோதுதான் மனைவி துண்டுப்பிரசுரத்தை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இது மாதா கோயிலே?"

"ஓம். பூட்டின கோயில். வருஷத்தில ஒருநாள்தான் திறப்பினமாம். இதில போட்டிருக்கு."

"பூட்டினா என்ன? அவ உள்ளுக்கைதானே இருக்கிறா."

"நாங்கள் சைவச் சனம்."

"மடு மாதாவிட்டைப் போகேக்கை உங்கடை சைவம் எங்கை போனது? பஸ்ஸில முன் சீற் பிடிச்சுக்கொண்டு நீங்கள்தானே முதல் ஏறினது."

"அப்ப எனக்குச் சோதனை. பாஸ் பண்ண வேணும் எண்டு போனனான்."

"இப்ப என்ர பிள்ளைக்குச் சோதனை," என்றாள்.

தாளை வாங்கிக் கையைத் துடைத்தேன்.

வியாழக்கிழமை காலை மலை ஏறினோம். ஹேர்னிங்கில் வாழ்ந்தவனின் கால் ஏற்றத்தை அறியாது. அங்கே நாங்கள் ஏறுகிற உயரம் பேருந்தின் படி. பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. அதில் சுவாலை ஒன்றை வரைந்து சிவப்பால் குறுக்கே கீறியிருந்தது. நான் வாசித்தவன் அல்லவா, விளக்கம் சொன்னேன்: "இறைச்சி வாட்டக்கூடாதாம்." இந்த மொழிபெயர்ப்பின் விளைவை இன்னும் ஒரு மணிநேரத்தில் அனுபவிக்க இருந்தேன்.

மேலே பைன் மரங்கள், காய்ந்த ஊசியிலை, கார் நிறுத்தும் கொட்டில் அளவில் ஒரு கோயில், துருப்பிடித்த பூட்டு. கதவில் ஒரு சிறிய கம்பி ஜன்னல். அதற்குள் இருட்டில், நீல முக்காட்டோடு மாதா என்று நம்பக்கூடிய ஏதோ ஒன்று. இதற்காகவா என்று வாய் திறக்கப் போனபோது மனைவி கைப்பையில் இருந்து ஒரு காலுறையை எடுத்தாள். காலுறைக்குள் கற்பூரப் பெட்டி.

"இதை எப்ப கொண்டுவந்தனீர்?"

"கதைக்காதேங்கோ. நெருப்புப் பெட்டியைத் தாங்கோ."

"என்னட்டை எங்காலை?"

"சிகரெட் விட்டிட்டன் எண்டு சொன்ன ஆளின்ர இடதுபக்கப் பொக்கற்றுக்கை இருக்கு."

கொடுத்தேன். முதல்நாள் புட்டுக் கட்டிய வெள்ளித் தாளை வாசற்படியில் மடித்து வைத்து, நான்கு வில்லை ஏற்றினாள். கறுத்த புகை நேரே எழுந்தது. அந்தப் புகையை மலையின் மறுபக்கத்தில் இருந்து யாரோ கண்டிருக்க வேண்டும். அவள் கும்பிட்டு முடிக்குமுன் பச்சை நிற ஜீப் ஒன்று புழுதியோடு வந்து நின்றது. வனக் காவலர் சீருடையில் ஓர் இளம்பெண் குதித்தாள். கத்தினாள். எனக்கு முழுதாகத் தெரிந்த ஸ்பானிஷ் வாக்கியம் ஒன்றுதான்: பூனை பால் குடிக்கிறது. அங்கே அதற்கு வேலை இருக்கவில்லை. அவள் சப்பாத்தால் கற்பூரத்தை மிதித்தாள், காய்ந்த காட்டைக் காட்டினாள், தன் தலையைத் தொட்டுக் காட்டினாள். மூளை இருக்கிறதா என்று கேட்கிறாள் என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பிறகு பெட்டியைப் பறித்துத் திறந்து மணந்து பார்த்தாள். வெள்ளை வில்லைகள். அவளுடைய முகம் போன போக்கில், அடுத்த பார்வையிடம் பொலிஸ் நிலையம்தான் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் என் தொலைபேசி அடித்தது. மூன்று நாளுக்குப் பிறகு, அந்த உச்சியில் அலை கிடைத்திருந்தது.

மகளின் பெயர் திரையில். மூச்சு வாங்குவது மலையால்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மனைவி என்னிடமிருந்து பிடுங்கி ஒலிபெருக்கியில் போட்டாள்.

மகள் டேனிஷில் கதைத்தாள். எல்லாம் ஒழுங்கு. இதயம் அடிக்கிறது. எல்லாம் எண்ணிப் பார்த்தார்கள், விரல்கள்கூட. "ஏன் ஒருவரும் கதைக்கிறீர்கள் இல்லை? எங்கே நிற்கிறீர்கள்?"

"கோயிலடியில நிக்கிறம், பிள்ளை," என்று மனைவி சொன்னாள்.

அந்தக் காவலர் பெண் பார்த்துக்கொண்டு நின்றாள். மனைவி தன் வயிற்றுக்கு முன்னால் காற்றில் ஒரு பெரிய வளைவு வரைந்து, தொலைபேசியைக் காட்டி, கம்பி ஜன்னலைக் காட்டினாள். பூனையும் பாலும் இல்லாமலே காவலருக்கு விளங்கிவிட்டது. திட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் மெதுவாகத் திட்டினாள். ஜீப்பில் இருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்து, சாம்பல் கிடந்த படியில் மூன்று தரம் ஊற்றினாள். தணல் மிஞ்சக்கூடாது என்பதற்காகத்தான் ஊற்றினாள். என் மனைவி அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்து என் கண்ணிலும் ஒற்றினாள். அப்போதுதான் தொப்பி என் கையில் இருந்ததைக் கவனித்தேன். எப்போது கழற்றினேன் என்று தெரியாது.

பெட்டி திரும்பிக் கிடைக்கவில்லை. இறங்கும்போது மனைவி சாதாரணமாகச் சொன்னாள்: "பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுறன் எண்டு நேந்திட்டன்."

"இஞ்சையோ? இந்த ஊருக்கோ?"

"வேறை எந்த ஊருக்கு?"

பேத்தி பிறந்து இப்போது ஏழு மாதம். வருகிற வாரம் மகள், மருமகன், பேத்தியோடு ஐந்து பேராகப் போகிறோம். கேள்விப்பட்ட அந்த டேனிஷ்காரர், "பார்த்தாயா, உனக்குப் பிடித்துவிட்டது!" என்று முதுகில் தட்டினார். ஓம் என்றேன். விளக்கப் போனால் மடுவில் இருந்து தொடங்க வேண்டும்.

மகள் துண்டுப்பிரசுரத்தில் எல்லா இடத்துக்கும் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள், கற்காலக் கல்லறைக்குக்கூட. அவளும் நடந்து பார்க்கட்டும்.

இந்தமுறை கற்பூரம் இல்லை. மனைவி இங்கே கடையில் பற்றரியில் எரிகிற மெழுகுதிரி ஒன்று வாங்கியிருக்கிறாள், பிளாஸ்ரிக் சுவாலை ஆடுகிறது. அது சுடாது, உருகாது, மணக்காது. அதைவிடப் பொய்யான ஒரு சாமானை நான் கண்டதில்லை. நேற்று அதைத் திறந்து பழைய பற்றரியை எடுத்துவிட்டுப் புதிசு போட்டேன். மாற்றுக்கு இரண்டு என் இடதுபக்கப் பொக்கற்றில் இருக்கிறது.